குளத்துப் படகும் களப்புப் படகும்

புத்தளம் நகரிலிருந்து அநுராதபுர வீதியில் கிழக்கே போனால் தப்போவ குளம். நகருக்கு மேற்கே களப்பு. அதற்கப்பால் கற்பிட்டித் தீபகற்பம். குளத்தில் ஆண்டுக்கணக்கில் பழுதின்றி ஓடிய படகு, களப்புக்கு வந்த சில மாதங்களிலேயே கறள் கக்கினால் படகைக் குறைசொல்லிப் பயனில்லை. அது அந்தத் தண்ணீருக்கென்று ஆயத்தப்படுத்தப்படவில்லை.

ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு. புத்தளம் களப்பு கடலைத் தொடுவது வடக்கே மட்டும்தான். கோடையில் மீ ஓயா வற்ற, வெயில் நீரைக் குடிக்க, களப்பின் தென்பகுதி கடலைவிட உப்பேறிவிடும். இங்கே உப்பளங்கள் அமைந்ததற்கு அந்த வெயிலும் உவர்ப்புமே காரணம். குளத்துநீரைவிடக் கடல்நீர் ஏறக்குறைய நூறு மடங்கு எளிதாக மின்சாரத்தைக் கடத்தும். இரண்டு உலோகங்கள் தொட்டபடி அதில் நனைந்தால் ஒன்று மற்றொன்றைத் தின்னத் தொடங்கும். அலுமினியத் தகட்டில் எவர்சில்வர் ஆணி முடுக்கியிருந்தால் குளத்தில் அது வெறும் ஆணி. களப்பிலோ, ஆணியைச் சுற்றி அலுமினியம் வெண்பொடியாக உதிரும்.

மரத்தில் கதை தலைகீழ். குளத்துப் படகில் மழைநீர் தேங்கும் மூலைகளில் பூஞ்சணம் பிடித்து மரம் உளுத்துப்போகும். உப்பு ஊறிய மரம் அவ்வளவு சுலபமாக உளுக்காது. ஆனால் மரத்தைக் குடைந்து வாழும் புழு உவர்நீருக்குரியது; குளத்தில் அதற்கு வாழ்வில்லை. இலங்கைக் கரையோரத்து மரப்படகான ஓருவின் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்தார்கள். ஆணியே இல்லாத இடத்தில் கறள் எங்கிருந்து வரும்? அந்தத் தையலை நான் மிகப்பெரிய அறிவாகவே மதிக்கிறேன். இன்றைய பைபர் படகின் உடலும் கறள் பிடிக்காது. உப்பு தேடிப்போவது எஞ்சினையும் ஆணிகளையும் வயர் முனைகளையும்தான்.

எஞ்சினின் அடிக்காலில் பட்டறைக்காரர் 'சிங்க்' என்று சொல்லும் ஓர் உலோகக் கட்டி இருக்கும். எஞ்சினுக்குப் பதிலாகத் தான் கரைவதே அதன் வேலை. நன்னீருக்கு மக்னீசியம் ஏற்றது. அதையே களப்பில் விட்டால் மளமளவென்று கரைந்து, எஞ்சினைப் பாதுகாப்பின்றி விட்டுவிடும். கடலுக்குரிய துத்தநாகத்தைக் குளத்தில் போட்டால் மேலே ஒரு படலம் படிந்து வேலையை நிறுத்திவிடும். கட்டி தேயாமல் இருப்பதைப் பார்த்து மகிழ்ந்தால் ஏமாற்றமே. இரண்டு தண்ணீருக்கும் போய்வரும் படகுக்கு அலுமினியக் கலவைக் கட்டியே என் தேர்வு. பாதி தேய்ந்ததும் மாற்ற வேண்டும். அதன்மேல் பெயின்ற் பூசவே கூடாது.

இந்த வித்தைக்கு 200 வயது. 1824இல் ஹம்ப்ரி டேவி, பிரித்தானியப் போர்க்கப்பல்களின் செப்புத் தகட்டைக் காக்க இரும்பையும் துத்தநாகத்தையும் பொருத்திப் பார்த்தார். செப்பு கரையவில்லை, ஆனால் கரையாத செப்பின்மேல் பாசியும் கொட்டலசும் அப்பிக் கப்பலின் வேகம் குறைந்தது. அவற்றை விரட்டியது கரைந்துகொண்டிருந்த செப்புத்தான். இன்றும் அடித்தளத்துக்குப் பூசும் பாசித்தடுப்புப் பெயின்ற் பலவற்றில் செப்பு உண்டு. குளத்துக்கென்று வாங்கிய அலுமினியப் படகைக் களப்புக்காக அத்தகைய பெயின்ற்றால் பூசினால், பாசியைத் தடுக்கப்போய் உடலையே அரிக்கக் கொடுத்ததாகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் நம்புவது கழுவுதலை. குளத்துப் படகைக் கரையேற்றிக் காயவிட்டால் போதும். களப்புப் படகு காய்வதே இல்லை. தண்ணீர் ஆவியானாலும் உப்பு ஒட்டியிருக்கும். இரவில் காற்றின் ஈரப்பதம் முக்கால் பங்கைத் தாண்டினால் அந்த உப்பு ஈரத்தை உறிஞ்சித் திரும்பவும் உவர்நீராகும். கரையில் கவிழ்த்துவைத்த படகிலும் அரிப்பு விடியும்வரை நடக்கும். எஞ்சினுக்குள்ளோ குளிரூட்ட இழுத்த நீரின் உப்பு வழிகளில் கட்டிப்பட்டு அடைக்கும். அதனால் பீப்பாயில் நன்னீர் நிரப்பி, அடிக்காலை அமிழ்த்தி, பத்து நிமிடம் மெதுவாக ஓடவிட வேண்டும். உவர்க்கிணற்று நீர் இதற்கு ஆகாது. மழைநீரைச் சேமித்து வைப்பது மேல். எஞ்சின் முடிந்ததும் ஆணித்தலைகள், பிறகு வயர் முனைகள். படகின் உடலுக்குக் கடைசியில் மிஞ்சும் தண்ணீர் போதும்.