புரோகிதர் இல்லாத பந்தல்

கடவுள் இல்லை என்று எழுதவும் பேசவும் தமிழ்நாட்டில் நெடுநாளாகவே இடம் இருந்திருக்கிறது. பெரியார் 'குடி அரசு' தொடங்கியது 1925-ல். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1880-களில், சென்னை இலௌகிக சங்கத்தார் 'தத்துவ விவேசினி' என்ற இதழில் வேதத்தையும் புராணத்தையும் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். அச்சில் வாதாடியவனுக்கு இடறியது வீட்டில்தான். பிள்ளைக்குப் பெயர் வைப்பது, பெண்ணைக் கட்டிக்கொடுப்பது, பெற்றவரைச் சுடுகாட்டுக்கு எடுத்துச்செல்வது எல்லாமே உறவு கூடி நடத்தும் காரியங்கள். பெரும்பாலான வீடுகளில் நடுவில் ஒரு புரோகிதரும் உட்கார்ந்திருப்பார். அவரை வேண்டாம் என்றால் மாமனும் அத்தையும் சேர்ந்தே எழுந்து போய்விடுவார்கள் என்ற அச்சம்தான், கொள்கை பேசிய பலரைத் தாலி கட்டும் நேரத்தில் மணையில் உட்காரவைத்தது. புரோகிதரும் சடங்கும் இல்லாத சுயமரியாதைத் திருமணத்தை ஒரு கலகமாக மட்டுமே சொல்லிப் பழகிவிட்டோம். உறவைவிட்டு விலகாமல் நம்பிக்கையைவிட்டு விலக நாத்திகர் கண்டுபிடித்த வழியாகத்தான் நான் அதைப் பார்க்கிறேன்.

ஏனென்றால், புரோகிதர் இல்லாமல் மணம் முடிக்கச் சட்டத்தில் அதற்கு முன்பே ஒரு வழி இருந்தது. பிரம்ம சமாஜத்தாரின் முயற்சியால் வந்த 1872-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவாளர் முன் மணந்துகொள்ளலாம். ஆனால் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என எந்தச் சமயத்தையும் சாராதவர் என்று இருவரும் எழுதிக்கொடுக்க வேண்டும். 1923-ல் திருத்தம் வந்து, இந்து என்று சொல்லிக்கொண்டே மணக்கலாம் என்றானது. கூடவே, அப்படி மணந்தவர் கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்தவராகக் கருதப்படுவார் என்றும் சேர்த்தார்கள். அதாவது, வெளியே போக விரும்புகிறவனுக்குக் கதவு திறந்திருந்தது. உள்ளேயே இருந்து மாறுபட விரும்பியவனுக்கு வழியில்லை. 1928-ல் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்துச் சுக்கிலநத்தம் கிராமத்தில் பெரியார் தலைமையில் நடந்ததையே முதல் சுயமரியாதைத் திருமணமாகச் சொல்கிறார்கள். அது பதிவாளர் அலுவலகத்தில் நடக்கவில்லை, ஊருக்குள் உறவினர் முன்னிலையில் நடந்தது. என் வாதத்துக்கு முதல் சான்று இதுதான்.

அந்தப் பந்தலைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். அழைப்பிதழின் தலையில் பிள்ளையார் சுழி இல்லை; பெயர்களுக்குப் பின்னால் சாதிப் பட்டம் இல்லை; முகூர்த்த நேரம் இருக்கும் இடத்தில் 'இன்னார் தலைமையில்' என்று இருக்கும். ராகு காலத்தை வேண்டுமென்றே தேர்ந்து மணம் முடித்தவர்களும் உண்டு. மேடையில் ஓமகுண்டத்துக்குப் பதில் நாற்காலிகள். தலைவர் பேசுவார், பிறகு இன்னும் நாலு பேர் பேசுவார்கள். பெண்ணின் சொத்துரிமை, விதவை மணம், சிக்கனம் என்று பேச்சு நீளும். மணமக்கள் எழுந்து, ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாகச் சொல்லி மாலை மாற்றிக்கொள்வார்கள். கன்னிகாதானம் கிடையாது, பெண் யாரும் யாருக்கும் கொடுக்கிற பொருள் அல்ல என்பது அதன் பொருள். திருநீறு பூசிய பாட்டியும் அதே பந்தலில் உட்கார்ந்து வாழ்த்திச் சாப்பிட்டுவிட்டுப் போக முடிந்தது. அவள் நம்பிக்கையை விடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. சாவு வீட்டிலும் இதே முறையில், கருமாதிக்குப் பதில் படத்திறப்பு வந்தது. உறவினர் கூடுவது அப்படியே இருந்தது, சடங்கு மட்டும் போயிற்று.

இதற்கு விலை கொடுத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். 1934-ல் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணம் பற்றிய தெய்வானை ஆச்சி - சிதம்பரம் செட்டியார் வழக்கில், அது செல்லாது என்று 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்துச் சட்டம் கேட்கும் சடங்குகள் அதில் இல்லை. வழக்கம் என்று ஏற்கலாம் என்றால் அது பழமையானதாக இருக்க வேண்டும், இதுவோ நேற்று வந்தது. கால் நூற்றாண்டாக ஊர் கூடி வாழ்த்திய மனைவியர் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லர், பிள்ளைகளின் வாரிசுரிமையும் ஆட்டம் கண்டது. இது தெரிந்த பிறகும் அந்த முறையில் மணம் முடித்தவர்களின் உறுதியை நாம் போதிய அளவு நினைத்துப் பார்க்கவில்லை.

அண்ணா ஆட்சியில் 1967-ல் சட்டமன்றம் நிறைவேற்றி, 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் இந்தக் குறையைத் தீர்த்தது. இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, முன்பு நடந்த மணங்களையும் அவை நடந்த நாளிலிருந்தே செல்லும்படி செய்தார்கள். இதில் இரண்டு குறைகள் சொல்வார்கள். நாத்திகனை இந்துச் சட்டத்துக்குள் அடைத்தது சரியா என்பது ஒன்று. வருத்தம் நியாயமானதுதான். ஆனால் அந்தச் சட்டம் முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி, யூதர் அல்லாதவரைப் பொதுவாக உள்ளடக்குகிறது. யாருடைய நம்பிக்கையையும் விசாரிப்பதில்லை. தனிச்சட்டம் கேட்டிருந்தால் 1872-ன் வாசல் வழியாக மறுபடியும் வெளியே போயிருக்க வேண்டும். இன்னொன்று தாலி. ஏற்பதாகச் சொல்வது, மாலையோ மோதிரமோ அணிவிப்பது, தாலி கட்டுவது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று போதும் என்கிறது 7-ஏ. தாலியை இடம்பெறச் செய்தது சமரசமே என்று கடிந்துகொள்வோருக்கு நான் சொல்வது: அதே பிரிவுதான் தாலியைக் கட்டாயம் என்ற இடத்திலிருந்து விருப்பம் என்ற இடத்துக்கு இறக்கியது. தாலியை விட மனமில்லாத தாயும் வேண்டாம் என்ற மகளும் ஒரே வீட்டில் பேசி முடிவெடுக்க அதில் இடம் இருந்தது.

என் வாதத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. உறவு வர மறுத்தால் என்ன செய்வது? ஊரறியாமல் வழக்கறிஞர் அறையில் மாலை மாற்றிக்கொண்டவர்களின் மணம் செல்லாது என்று 2014-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது: 7-ஏ ஊரறிய மணம் நடக்க வேண்டும் என்று கேட்கவில்லை, உறவினர், நண்பர் அல்லது வேறு எவர் முன்னிலையிலும் நடக்கலாம். உறவைக் கைவிடாமலிருக்கப் பிறந்த முறை, உறவு கைவிட்டவர்களுக்கும் இன்று காவலாக நிற்கிறது.