பஞ்சத்தில் பிறந்த கரடி

நாம் பிரியன்ஸுக்கு முதன்முதலாகப் போனது ஏரி பார்க்க அல்ல. நாம் கோப்பை கழுவும் உணவகத்தின் வாசலில் முழங்காலளவு உயரத்தில் ஒரு மரக்கரடி நிற்கும். அதன் முன்கை ஒன்று முறிந்துவிட்டது. எங்களில் இருவருக்கு அன்று லீவு. கரடியைப் பசுமதி அரிசிச் சாக்கில் சுற்றி ரெயினில் கொண்டுபோய்த் திருத்தி வரும்படி முதலாளி அனுப்பினார். பட்டறைக்காரர் அதைக் குப்புறப் போட்டு அடியைச் சுரண்டினார். மண்ணிறச் சாயத்துக்குக் கீழே மரம் பால்வெள்ளையாக இருந்தது. லிண்டன் மரம். நிற்கும் கரடியில் நார் மேலிருந்து கீழே ஓடும், முன்னே நீட்டிய கை அந்த நாருக்குக் குறுக்கே வந்துவிடும், அதனால்தான் முறிந்தது என்றார். கையைத் தனித்துண்டில், நார் கையின் நீளத்துக்கு ஓடும்படி செதுக்கிப் பொருத்தியிருக்க வேண்டுமாம்.

அந்தக் கரடிக்குப் பின்னால் ஒரு பஞ்சம் இருக்கிறது என்பதைப் பிறகுதான் அறிந்தோம்.

1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் சும்பாவாத் தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. மேலே போன தூசும் கந்தகமும் சூரியனை மங்கவைக்க, அடுத்த வருடம் ஐரோப்பாவில் கோடை வரவில்லை. 1816இல் சுவிஸில் மழையும் குளிரும் பயிரை அழித்தன. 1817இல் பசி உச்சத்துக்கு வந்தது. கிழக்குச் சுவிஸில் சனம் புல்லையும் தின்றது. இதே 1816 கோடையில்தான் ஜெனீவா ஏரிக்கரையில் மழைக்குள் அடைபட்டிருந்த மேரி ஷெல்லி பிராங்கன்ஸ்டைன் கதையைத் தொடங்கினார். படித்தவர்கள் அந்த வருடத்தை இதற்காகவே நினைவு வைத்திருக்கிறார்கள். புல் தின்றவர்களை அவ்வளவாக நினைப்பதில்லை. பஞ்சத்தின் கையோடு, 1819இல், சுமார் 2000 சுவிஸ்காரர், அவர்களில் பலர் பிரிபூர்க் மாநிலத்தவர், பிரேசிலில் நோவா பிரிபூர்கோ என்ற ஊரை அமைக்கப் புறப்பட்டனர். வழியிலேயே நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். அகதி அலுவலகத்தில் "ஏன் உங்கள் நாட்டை விட்டு வந்தீர்கள்?" என்று கேட்கப்பட்டபோது இந்தக் கதை எமக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டோம்.

போகாமல் இருந்தவர்களில் ஒருவர் பிரியன்ஸ் ஊரின் கிறிஸ்ரியான் பிஷர் (1790–1848). கடைசல் வேலை தெரிந்தவர். தான் கடைந்த சாமான்களில் செதுக்கல் வேலைப்பாடும் செய்து, மலை பார்க்க வரும் வெளிநாட்டாருக்கு விற்கத் தொடங்கினார். பிரியன்ஸ் செதுக்கலின் ஆரம்பமாக 1816ஐயே சொல்வார்கள். அவரிடம் மற்றவர்கள் பழகினர். வயலும் மாடும் போதாத குடும்பங்கள் குளிர்காலத்தில் யன்னலோரம் இருந்து கரடி, மலையாடு, மாடு எனச் செதுக்கின. 1851இல் லண்டன் பொருட்காட்சிக்கும் சுவிஸ் செதுக்கல்கள் போயின. விலையைத் தீர்மானித்தவர் பெரும்பாலும் செதுக்கியவர் அல்ல, வாங்கி விற்ற வியாபாரியே. சமையலறையில் நிற்கும் எமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. பிரியன்ஸில் பசி வந்தபோது குடியானவன் உளியைத் தொட்டான், யாரும் அவனைத் தள்ளிவைக்கவில்லை. எமது ஊரில் உளி பிடித்த கைக்கு ஒரு சாதிப்பெயர் இருந்தது. கோயில் வாகனத்தைச் செய்து கண்திறந்தவர், பின் அதே கோயிலில் எங்கே நிற்கலாம் என்பது முன்னரே தீர்மானிக்கப்பட்டிருந்தது. எங்களில் சிலர் பல்கலைக்கழகத்தை இரண்டாம் வருடத்தில் விட்டு வந்தவர்கள். வீட்டில் ஒரு ஆணி அடித்தறியோம். இங்கே வந்துதான் கைவேலை செய்பவனுக்கும் மரியாதை உண்டென்று கண்டோம், கோப்பை கழுவுபவனுக்கு அது சற்றுப் பிந்தித்தான் வரும் என்றாலும்.

அந்தப் பயணத்துக்குப் பிறகு நாமும் உளி வாங்கினோம். பட்டறை எங்கள் மாடிக்கட்டடத்தின் நிலவறை. 1963ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் இந்நாட்டில் வீடுகளுக்குக் கீழே யுத்தப் பாதுகாப்பறை கட்டுவது கட்டாயமாயிற்று. தடித்த கொங்கிறீற்றுக் கதவு. ஊரில் தென்னங்குற்றி அடுக்கிப் பங்கர் வெட்டிய நாம், யுத்தம் இல்லாத நாட்டின் பங்கருக்குள் மாடு செதுக்குகிறோம்.

பழகியதில் சில. மெல்லிய மரத்துக்குத்தான் கூடுதல் கூர்மை வேண்டும். மொட்டை உளி லிண்டன் மரத்தின் நாரை வெட்டாது, நசுக்கும். எம்மிடம் சமையலறைக் கத்தி தீட்டிய பழக்கம் இருந்தது. ஆனால் கத்தியைப்போல் இரு பக்கமும் சரித்துத் தீட்டித் தட்டையுளிகள் சிலவற்றைக் கெடுத்தோம். அந்த உளியின் பின்பக்கம் கண்ணாடிபோல் தட்டையாக இருக்கவேண்டும், முன்பக்கம் மட்டும் ஏறத்தாழ 25 பாகைச் சரிவு. கடைசியில் தோல்வாரில் இழுத்தால் வெட்டிய இடம் மினுங்கும். உளி இறங்கும் பாதையில் மற்றக் கை இருக்கக்கூடாது. இதை ஒருவரின் பெருவிரலில் ஐந்து தையல் போட்டபின் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறோம். நார் கிளம்பினால் பலங்கொண்டு தள்ளாமல் எதிர்ப்பக்கத்திலிருந்து செதுக்க வேண்டும்.

பிரியன்ஸில் 1884இல் செதுக்கற் பள்ளி திறந்தார்கள். முதலாம் உலக யுத்தத்தோடு உல்லாசப் பயணிகள் நின்றுபோகத் தொழில் விழுந்தது. பள்ளி விழவில்லை. இன்றும் மரச்சிற்பம் பழக அங்கே நான்கு வருடம். வேடிக்கை என்னவென்றால், பழம்பொருட் கடைகளில் இந்தக் கரடிகள் நெடுங்காலம் ஜேர்மனியின் கருங்காட்டுச் சிற்பங்கள் என்றே விற்கப்பட்டன. செய்தவன் ஊரைக்கூட மாற்றிவிட்டார்கள்.

சென்ற மாரியில் தெருவோரம் தறித்த லிண்டன் மரத்தில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, 5 சென்ரிமீற்றர் கனத்தில் பலகைகளாக அறுப்பித்தோம். பச்சை மரம் சூடான அறைக்குள் வெடித்துவிடும். நுனிகளுக்கு மெழுகு பூசி, இடையிடையே சட்டம் வைத்து, சைக்கிள் கொட்டிலில் அடுக்கியிருக்கிறோம். இரண்டரைச் சென்ரிமீற்றர் கனத்துக்கு ஒரு வருடம் என்பது தச்சர் கணக்கு. அப்படியானால் இரண்டு வருடம். எங்களில் ஒருவரின் மேன்முறையீட்டுக்கு அதற்கு முன்னரே பதில் வந்துவிடும். பலகையின் மேல் பென்சிலால் திகதி போட்டது அவர்தான்.