கையாளும் கம்பியாளும்

மொத்தம் 8 பையன்கள். எல்லோரும் அநாதைகள். ஐரோப்பியச் சிப்பாய்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்காகச் சென்னையில் நடந்துவந்த விடுதியில் வளர்ந்தவர்கள். 1794-ம் வருடம் அவர்களை அழைத்துவந்து, நிலம் அளக்கச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார் மைக்கேல் டாப்பிங்.

டாப்பிங் கிழக்கிந்தியக் கம்பெனியின் சர்வேயர். வானசாஸ்திரத்திலும் கெட்டிக்காரர். கம்பெனிக்கு ஊர்களைப் பிடிப்பதில் பெரிய சிரமம் இல்லை. பிடித்ததை அளப்பதற்குத்தான் ஆள் இல்லை. சீமையிலிருந்து சர்வேயர்களை இறக்கினால் சம்பளம் கட்டுப்படியாகாது. உள்ளூரிலேயே தயார் செய்துவிட்டால்? சங்கிலியைப் பிடிக்கச் சொல்லி, கோணம் பார்க்கச் சொல்லி, தப்பாகச் செய்தால் மறுபடி செய்யச் சொல்லி... அதாவது அப்ரண்டிஸ்.

அந்த சர்வே பள்ளிக்கூடம்தான் பின்னால் வளர்ந்து கிண்டி இன்ஜினீயரிங் காலேஜ் ஆனது. கட் ஆஃப் மார்க் அரை குறைந்து அங்கே இடம் கிடைக்காமல் போனதற்காக வீட்டில் மூன்று நாள் சாப்பிடாமல் கிடக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம். ஆரம்பித்தது என்னவோ தொழில் பழக வந்த 8 அநாதைப் பையன்களை வைத்துத்தான்.

பள்ளிக்கூடம் மேலே போய்விட்டது. அப்ரண்டிஸ் என்கிற வார்த்தை கீழேயே நின்றுவிட்டது.

1850-ல் கம்பெனி சர்க்கார் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டது. அந்த வருடத்தின் 19-ம் சட்டம். அநாதைகளும் ஏழைப் பிள்ளைகளும் ஒரு கைத்தொழில் கற்றுக்கொள்ள வழி செய்வதுதான் நோக்கம். 10 வயதுக்கு மேல், 18-க்குள் இருக்கிற பிள்ளையை, தகப்பனோ கார்டியனோ ஒரு முதலாளியிடம் எழுதிக்கொடுக்கலாம். அதிகபட்சம் 7 வருடம். 21 வயது ஆகிவிட்டால் விடுதலை. பெண்பிள்ளையாக இருந்தால் கல்யாணம் ஆகும் வரைக்கும்தான்.

கவனியுங்கள். தொழில் கற்பது என்பது அநாதைக்கும் ஏழைக்குமான ஏற்பாடு. வசதி உள்ளவனுக்கு அல்ல. சட்டத்தின் முதல் வரியிலேயே இந்த எண்ணம் உட்கார்ந்திருக்கிறது. நாம் இன்னும் 'படிப்பு ஏறலை, ஐ.டி.ஐ.ல சேர்த்துவிடு' என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சுதந்திரம் வந்தது. 1950-ல் மத்திய அரசு கைவினைஞர் பயிற்சித் திட்டத்தை ஆரம்பித்து, நாடு முழுக்கச் சுமார் 50 ஐ.டி.ஐ.க்களைத் திறந்தது. ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன், ஒயர்மேன். பையன்கள் படித்து வெளியே வந்தார்கள். வந்தால், ஃபாக்டரிக்காரர்கள் 'மிஷினைத் தொட்டதுண்டா?' என்று கேட்டார்கள். எங்கே போய்த் தொடுவது? அதனால் 1961-ல் அப்ரண்டிஸ் சட்டம் வந்தது. மறு வருடம் மார்ச் மாதம் நடைமுறைக்கு வந்தது. இத்தனை பேருக்கு நீ தொழில் சொல்லிக்கொடுத்தே ஆகவேண்டும் என்று முதலாளிகளுக்கு உத்தரவு. மீறினால் 6 மாதம் வரை ஜெயிலுக்குக்கூட இடம் இருந்தது.

நல்ல சட்டம்தான். ஆனால் இரண்டு பிரிவுகளைப் படித்தால் தூக்கிவாரிப் போடும். 18-வது பிரிவு: அப்ரண்டிஸ் என்பவர் தொழிலாளி இல்லை, பயிற்சி பெறுபவர் மட்டுமே. ஆகவே தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தாது. 22-வது பிரிவு: பயிற்சி முடிந்ததும் வேலை கொடுக்க வேண்டிய கட்டாயம் முதலாளிக்கு இல்லை. வேலை பார்க்கிறான், ஆனால் தொழிலாளி இல்லை. ஒரு வருடம் இருந்தான், ஆனால் வேலை இல்லை.

இந்திரா காந்தி 1975-ல் அறிவித்த 20 அம்சத் திட்டத்தில் அப்ரண்டிஸ் பயிற்சிக்கும் ஓர் அம்சம் ஒதுக்கப்பட்டது. ஆட்கள் பெருகினார்கள். வேலைதான் பெருகவில்லை. உத்தரப் பிரதேச பஸ் கழகத்தில் பயிற்சி முடித்தவர்கள் வழக்குப் போட்டு, அது சுப்ரீம் கோர்ட் வரை போனது. 1995-ல் தீர்ப்பு. மற்ற தகுதிகள் சமமாக இருந்தால், நேரடியாக வருகிறவரைவிடப் பயிற்சி பெற்றவருக்கே முன்னுரிமை தரவேண்டும் என்றது கோர்ட். 'சமமாக இருந்தால்'. அந்த 'இருந்தால்'-ஐப் பிடித்துக்கொண்டு எத்தனையோ பேர் கோர்ட் வாசல் ஏறி இறங்கியிருக்கிறார்கள்.

தீர்ப்பு வந்த அடுத்த வருடம், 1996-ல், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் வந்து இறங்கியது.

அதுவரை ஏரியும் நெல்வயலுமாக இருந்த பூமி. ஊருக்கு வெளியே தெரிந்த அடையாளங்கள் இரண்டு. ஒன்று, ராமானுஜர் அவதாரத் தலம். இன்னொன்று, 1991 மே 21. ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ராத்திரி. 1998-ல் சான்ட்ரோ வெளியே வந்ததும் மூன்றாவதாக ஓர் அடையாளம் சேர்ந்தது. பிறகு மளமளவென்று ஆரம்பித்துவிட்டார்கள். 2000-ல் செயின்ட் கோபெய்ன் கண்ணாடி, 2006-ல் நோக்கியா, 2007-ல் சாம்சங். தெற்கே ஒரகடத்தில் 2010-ல் ரெனோ நிஸான், 2012-ல் டைம்லர் லாரி, 2013-ல் ராயல் என்ஃபீல்டு. வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம், மாம்பாக்கம் என்று சிப்காட் பரவிக்கொண்டே போனது.

ஒரு ஃபாக்டரி எழும்பும்போது, கார் செய்கிறவன் வருவதற்கு முன்னால் ஒருத்தன் வந்தாகவேண்டும். ஒயரிங் செய்கிறவன். சப் ஸ்டேஷன், டிரான்ஸ்ஃபார்மர், பேனல் போர்டு, கூரைக்கடியில் கிலோமீட்டர் கணக்கில் கேபிள் ட்ரே. இதையெல்லாம் கார் கம்பெனி செய்யாது. பெரிய கான்ட்ராக்டரிடம் கொடுக்கும். அவர் பிரித்துச் சின்ன கான்ட்ராக்டரிடம் கொடுப்பார். அவர் ஒரு மேஸ்திரியைக் கூப்பிடுவார். மேஸ்திரி ஊரிலிருந்து 10 பையன்களைக் கூட்டி வருவார். முன்பெல்லாம் திருவண்ணாமலை, விழுப்புரம். இப்போது ஒடிசா, பீகார், வங்காளம்.

இந்தப் பையன்களுக்கு யார் தொழில் சொல்லிக்கொடுத்தார்கள்?

யாரும் இல்லை. பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். முதல் வருடம் கேபிள் இழுக்கவேண்டும், ஏணி பிடிக்கவேண்டும், டீ வாங்கி வரவேண்டும். அடுத்து சுவரை வெட்டிப் பைப் புதைக்கலாம். பிறகு ஒருநாள் கையில் கட்டிங் பிளேயர் வரும். ஃபேஸ் எது, நியூட்ரல் எது என்று டெஸ்டர் வைத்துப் பார்க்கத் தெரியும். எர்த் எதற்கு என்று தெரியாது. கேபிள் முனையில் லக் வைத்துக் கிரிம்ப் பண்ணத் தெரியும். அது கொஞ்சம் லூஸாக இருந்தால் ஆறு மாதம் கழித்துச் சூடேறிப் பேனலே எரியும் என்பது தெரியாது. தெரிந்த பெரியவர் சொல்லமாட்டார். சொல்லிவிட்டால் நாளைக்கு இவன் போட்டிக்கு வந்துவிடுவானே.

திருக்கோஷ்டியூர் நம்பியிடம் 18 முறை நடந்து கற்ற மந்திரத்தை, கோபுரத்தில் ஏறி ஊருக்கே சொன்னவர் பிறந்த மண் இது என்பது சும்மா ஒரு ஞாபகத்துக்கு.

சட்டம் என்ன சொல்கிறது? 1956-ம் வருட இந்திய மின்சார விதிகளின் 45-வது விதி தெளிவாகவே சொன்னது. பல்பு, ஃபேன், ஃப்யூஸ் மாற்றுகிற மாதிரியான சில்லறை வேலைகள் தவிர்த்து, மற்ற மின் வேலை எதையும் லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர்தான் செய்யவேண்டும். தகுதிச் சான்றிதழ் உள்ள மேற்பார்வையாளர் பக்கத்தில் நிற்கவேண்டும். அந்த விதிகள் போய் 2010-ல் புதியவை வந்தன, 2023-ல் அதற்கும் புதியவை வந்தன. சாராம்சம் அதேதான்.

தமிழ்நாட்டில் இதற்கு மூன்று படி. மேற்பார்வையாளர், கம்பியாள், கம்பியாள் உதவியாளர். கம்பியாள் என்றால் ஒயர்மேன். சர்க்கார் தமிழில் சில வார்த்தைகள் அபாரமாக அமைந்துவிடும். இது அதில் ஒன்று. இதில் அந்த மூன்றாவது படிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மின் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு. ஒயரிங் தொழிலில் 5 வருடத்துக்குக் குறையாத அனுபவம், 21 வயது பூர்த்தி. அவ்வளவுதான். உச்ச வயது கிடையாது. ஐ.டி.ஐ. வாசலையே மிதிக்காதவனும் எழுதலாம். பள்ளிக்கூடம் கைவிட்டவனுக்கு அரசாங்கம் திறந்துவைத்திருக்கிற பின்வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். (பின்வாசல் என்பதைக் கெட்ட அர்த்தத்தில் சொல்லவில்லை.)

ஆனால் அந்த 5 வருடத்தை யாராவது எழுதிக்கொடுக்க வேண்டும். அங்கேதான் உதைக்கிறது. மூன்று மாதம் ஒரகடம், இரண்டு மாதம் ஓசூர், அப்புறம் ஆந்திராவில் ஸ்ரீசிட்டி என்று மேஸ்திரி பின்னாலேயே அலைந்தவனுக்கு யார் அனுபவச் சான்று தருவார்கள்? அவன் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? 480 நாள் வேலை பார்த்தால் நிரந்தரம் என்று 1981-ல் தமிழக அரசு போட்ட சட்டத்திலும் கட்டடம், பாலம், சாலை போடுகிறவர்களுக்கு விலக்கு உண்டு.

அப்ரண்டிஸ் சட்டமாவது காப்பாற்றுமா என்றால், 2014 வாக்கில் இத்தனை பெரிய தேசத்தில் மொத்த அப்ரண்டிஸ்களே சுமார் 3 லட்சம் பேர்தான் இருந்தார்கள். அந்த வருடம் சட்டத்தைத் திருத்தி ஜெயில் தண்டனையை எடுத்தார்கள். 2019-ல் விதிகளை மாற்றினார்கள். 30 பேருக்கு மேல் இருந்தால், இரண்டரை முதல் 15 சதவிகிதம் வரை அப்ரண்டிஸ் எடுப்பது கட்டாயம். அதற்குக் கீழே என்றால் இஷ்டப்பட்டால் எடுக்கலாம். சின்ன எலக்ட்ரிகல் கான்ட்ராக்டர்களில் எத்தனை பேர் 30 ஆட்களைக் கணக்கில் காட்டப்போகிறார்கள்?

அவர்களை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. நான் பி.காம். படித்தவன். எனக்குக் கணக்கு வழியாகத்தான் எதுவும் புரியும். டிரில்லிங் மிஷின் வாங்கினால் அது சொத்து. பேலன்ஸ் ஷீட்டில் ஏறும், வருடா வருடம் தேய்மானம் கழிக்கலாம். ஒரு பையனுக்கு ஒரு வருடம் தொழில் சொல்லிக்கொடுத்தால் அது வெறும் செலவு. மிஷின் ராத்திரியோடு ராத்திரியாக எழுந்து பக்கத்து சைட்டுக்குப் போகாது. பையன் போவான். தினக்கூலி 50 ரூபாய் அதிகம் என்றால் போகத்தான் செய்வான், போகவும் வேண்டும். சொல்லிக்கொடுத்தவனுக்கு நஷ்டம், சொல்லிக்கொடுக்காதவனுக்கு லாபம். இந்தக் கணக்கில் எவன் வாத்தியார் வேலை பார்ப்பான்?

அமெரிக்காவிலும் இதே கணக்குதான் இருந்தது. 1891-ல் செயின்ட் லூயிஸ் நகரத்தில் 10 பேர் கூடி மின் தொழிலாளர் சங்கம் ஆரம்பித்தார்கள். முதல் தலைவர் ஹென்றி மில்லர், ஒரு லைன்மேன். கம்பத்தில் ஏறுகிறவர்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த காலம். சங்கம் கேட்ட முக்கியமான விஷயங்களில் ஒன்று, முறையான பயிற்சி. 1896-ல் மில்லரும் கம்பத்திலிருந்து ஷாக் அடித்து விழுந்து இறந்தார்.

கான்ட்ராக்டர்கள் தங்களுக்கென்று 1901-ல் தனிச் சங்கம் கண்டார்கள். இரண்டு சங்கங்களும் சண்டை போட்டுக்கொண்டே, 1941-ல் சேர்ந்து ஒரு பயிற்சிக் குழு அமைத்தன. ஒவ்வொரு தொழிலாளியும் வேலை பார்க்கும் மணிக்கணக்கை வைத்து, எல்லா கான்ட்ராக்டர்களும் ஒரு பொதுநிதியில் பணம் போடவேண்டும். பையன் எந்த கான்ட்ராக்டரிடம் போனாலும் பரவாயில்லை, செலவு எல்லோருடையது. ஒயர்மேன் பயிற்சி 5 வருடம், சைட்டில் சுமார் 8,000 மணி நேரம், வகுப்பில் சுமார் 900. முதல் நாளிலிருந்தே கூலி உண்டு, வருடா வருடம் ஏறும். கறுப்பர்களை நெடுங்காலம் உள்ளே விடாமல் கதவைச் சாத்திவைத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஆனால் கணக்கு சரியான கணக்கு.

நம்மிடம் அப்படிப் பொதுநிதி இல்லையா என்றால், இருக்கிறது. 1996-ல் வந்த மத்தியச் சட்டம், கட்டடச் செலவில் 1 சதவிகிதத்தைத் தொழிலாளர் நல வரியாக வசூலிக்க வழி செய்தது. ஒரகடத்தில் எழும்பிய ஃபாக்டரிக் கட்டடங்களும் இதற்குள் அடக்கம். தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அதற்கும் முன்பே, 1994-லேயே வந்துவிட்டது. கல்யாணம், பிரசவம், படிப்பு, சாவு எல்லாவற்றுக்கும் உதவித்தொகை தரும் வாரியம். பயிற்சிப் பக்கம் திரும்பியது தாமதமாகத்தான். சமீப வருடங்களில் தையூர் கட்டுமானக் கழகத்திலும், எல் அண்ட் டியின் காஞ்சிபுரம் பயிற்சி நிலையத்திலுமாக மூன்று மாதப் பயிற்சி தருகிறார்கள். எலக்ட்ரீஷியன் வேலையும் அதில் உண்டு. மூன்று மாதம் போதுமா என்று கேட்காதீர்கள். ஏணி பிடித்தே ஒரு வருடம் போனவனுக்கு, எர்த் எதற்கு என்று ஒருவர் உட்காரவைத்துச் சொல்கிற முதல் மூன்று மாதம் அது.

அரசு ஐ.டி.ஐ.க்கள் பக்கமும் பணம் பாய்ந்திருக்கிறது. டாடா டெக்னாலஜிஸுடன் கைகோத்து 71 ஐ.டி.ஐ.க்களைப் புதுப்பிக்கும் திட்டத்தில் முதல் தொகுப்பை, 2023 ஜூலையில் முதலமைச்சர் ஸ்டாலின் ஒரகடம் ஐ.டி.ஐ.யில்தான் திறந்துவைத்தார். ரோபோ, சி.என்.சி., மின்சார வாகனம் எல்லாம் உண்டு. சந்தோஷம்.

நோக்கியா 2014 நவம்பரில் மூடியபோது ஆயிரக்கணக்கான பெண்பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் கற்றிருந்தது அந்த லைனில் அந்த ஒரு வேலை. லைன் போனதும் அதற்கு வெளியே மதிப்பில்லை. ஐந்து வருடம் பூட்டிக்கிடந்த அதே இடத்தைப் பிறகு சார்ஜர் செய்கிற சால்காம்ப் வாங்கியது. பூட்டிக்கிடந்த ஃபாக்டரிக்கு உயிர் கொடுக்க முதலில் யாரைக் கூப்பிட்டிருப்பார்கள்? மெகர் வைத்துக் கேபிள் கேபிளாகச் சோதித்துப் பார்க்கத் தெரிந்த ஆளைத்தான்.

மின்சாரம் தாக்கி இந்தியாவில் வருடத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சாகிறார்கள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு. வயலில் செத்தவர், வீட்டில் செத்தவர், சைட்டில் செத்தவர் எல்லோரும் அந்த ஒரே எண்ணுக்குள் கிடக்கிறார்கள். சைட்டில் செத்தவர்களில் எத்தனை பேரிடம் கம்பியாள் சான்றிதழ் இருந்தது என்று அதில் இல்லை.

உங்கள் வீட்டில் ஒயரிங் வேலைக்கு வரும் தம்பி 5 வருடத்துக்கு மேல் தொழிலில் இருப்பவர் என்றால், இந்த உதவியாளர் தேர்வைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பேப்பரில் மூலையில் நாலு வரிச் செய்தியாகத்தான் அறிவிப்பு வரும். பக்கத்திலிருக்கும் அரசு ஐ.டி.ஐ.யில் விசாரித்தால் விவரம் சொல்வார்கள்.