செக்ரோலில் ஏறாத பாட்டு

மாசி பிறந்தால் அட்டன், தலவாக்கலைப் பகுதித் தோட்டங்களில் தப்பின் ஒலி மாறிவிடும். ஒரு காலத்தில் விடியற்காலையில் தொழிலாளரை எழுப்பிப் பெரட்டுக் களத்துக்கு விரட்டிய அதே தப்பு, இப்போது மன்மதனை வரவேற்க முழங்கும். காமன் கூத்து தொடங்கிவிட்டது என்பதற்கு வேறு அறிவித்தல் தேவையில்லை.

அமாவாசை கழிந்து பிறை கண்டதும் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். அன்றிலிருந்து இரவு தோறும் பாட்டு. ரதியும் மதனும் மணம் முடிப்பர். தூதன் ஓலை கொண்டுவருவான். சிவனின் தவத்தைக் கலைக்கச் சென்ற மதன் எரிந்து சாம்பலாவான். ரதி ஒப்பாரி வைப்பாள். ரதியாக வேடம் கட்டுபவர் பெரும்பாலும் ஆண்தான். பகலில் கவ்வாத்து வெட்டிய கைகளில் இரவில் வளையல் குலுங்கும். தஞ்சைப் பக்கத்தில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று லாவணிக்காரர் வாதிடும் அதே கதைதான் இது. ஆனால் புலம்பெயர்ந்து வந்தவர் நடுவில் ரதியின் புலம்பலுக்கு இன்னொரு கனம் ஏறிவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

பத்திரிகையாளனாக நான் மலையகத்துக்குப் போகாத ஆண்டு இல்லை. நாட்சம்பளம், வேலைநிறுத்தம், மண்சரிவு, பிரஜாவுரிமை எல்லாவற்றையும் எழுதினேன். நோர்வூட்டுக்கு அப்பால் ஒரு லயத்தில், சம்பளப் பிரச்சினை பற்றிப் பேசிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் பேச்சை நிறுத்திவிட்டு ஒரு தெம்மாங்கைப் பாடினார். கப்பலேறி வந்தவர்களைப் பற்றிய நீண்ட பாட்டு. "நல்லா இருக்கு ஆச்சி" என்றேன். என் குறிப்பேட்டில் அன்றைய கூலியும் கொழுந்தின் நிறையும் இருந்தன, பாட்டு இல்லை. தோட்டத்துச் செக்ரோலுக்கும் என் குறிப்பேட்டுக்கும் பெரிய வேறுபாடு இருக்கவில்லை.

இத்தகைய கலைகளைப் பேணுவதற்கென்று அரசு நிறுவனங்கள் இல்லாமலில்லை. புதுடில்லியில் 1985 நவம்பர் 19ஆம் திகதி, இந்திரா காந்தியின் பிறந்த நாளன்று, அவர் பெயரால் தேசியக் கலை மையம் தொடங்கப்பட்டது. அதை வடிவமைத்து வளர்த்தவர் கபிலா வாத்ஸ்யாயன். நாட்டார் வாழ்வியலையும் கலையையும் ஆராய 'ஜனபத சம்பதா' என்ற தனிப்பிரிவே அங்கு உண்டு. ஆனால் அந்தப் பெயரை மலையகத்தார் அறிந்தது வேறொரு வழியில். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சிறிமாவும் இந்திரா காந்தியும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். ஆட்களை எண்ணிப் பிரித்தார்கள். ஒரு தோட்டத்துத் தப்படிப்பவர் அக்கரைக்கும் பாட்டுக்காரர் இக்கரைக்கும் என்று பிரிந்தால் கூத்து என்னவாகும் என்று எந்த ஒப்பந்தமும் கேட்கவில்லை. போனவர்களில் பலர் நீலகிரித் தோட்டங்களில் மீண்டும் கொழுந்து பறித்தார்கள் என்பது தனிக்கதை.

நிறுவனம் செய்யவேண்டிய வேலையைத் தனிமனிதர்களே செய்தார்கள். பூண்டுலோயாவை அடுத்த மடக்கும்புரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை, 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் சென்றவர். மறு ஆண்டே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் அவருடைய மக்களை நாடற்றவராக்கியது. 1952இல் தேயிலைத் தோட்டம் பற்றி ஆங்கிலத்தில் நெடுங்கவிதை எழுதிய அவர், தொழிற்சங்க வேலையாகத் தோட்டம் தோட்டமாகச் சென்றபோது நாட்டார் பாடல்களையும் சேகரித்து நூலாக்கினார். டில்லி மையம் தோன்றுவதற்குச் சரியாக ஓராண்டு முன்னர், 1984 நவம்பரில் காலமானார். அவருக்குப் பின் சாரல்நாடன் மலையக வாய்மொழி இலக்கியத்தைப் பற்றி எழுதினார், சி.வி.யின் வரலாற்றையும் அவரே எழுதினார். இவர்கள் இருவரும் இல்லையென்றால் நமக்குக் கிடைத்திருப்பது தோட்டத்துரைமாரின் நினைவுக் குறிப்புகள் மட்டுமே.

அட்டனிலிருந்து கம்பளைப் பக்கம் இறங்கினால், ஓல்ட் பீகொக் தோட்டத்தில் ஒரு பழைய லயம் அருங்காட்சியகமாக நிற்கிறது. சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் அதைத் திறந்தது. தொழிலாளர் புழங்கிய பாத்திரங்கள், வேலைக் கருவிகள், வாத்தியங்கள், ஆவணங்கள் என்று சின்னஞ்சிறு காம்பராக்களில் வைத்திருக்கிறார்கள். 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணைய நூலகமும் மலையக ஏடுகளை மின்வடிவில் சேர்த்துவருகிறது. இரண்டுமே அரசு முயற்சிகள் அல்ல. 2023இல், மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகளானதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தபோது, கடந்துவந்த பாதை பற்றி நிறையப் பேசப்பட்டது. அந்தப் பாதையில் பாடப்பட்ட பாட்டுகளை யார் பேணுவது என்பதும் அங்கே பேசப்பட்டிருக்கவேண்டிய பொருள்தான்.

சில ஆண்டுகள் கழித்து, ஒலிப்பதிவுக் கருவியுடன் நோர்வூட் லயத்துக்குப் போனேன். ஆச்சி முந்திய தை மாதம் காலமாகியிருந்தார். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் பேத்தி விடுமுறையில் வந்திருந்தாள். பாட்டைக் கேட்டேன். வெட்கப்பட்டுச் சிரித்தாள், பிறகு முதலிரண்டு அடிகளைப் பாடினாள். மூன்றாவது அடி அவளுக்கு நினைவில்லை. எனக்கும் இல்லை.