எழுவர் நிற்கும் இடங்கள்



கூடைப்பந்தாட்ட அணியொன்றில் முதலிற் களமிறங்க வேண்டிய ஐவர் யாவர், அவருள் ஒவ்வொருவருக்கும் உரிய பணி யாது என்னும் விவாதம் அமெரிக்க நாட்டில் ஓய்ந்த நாளில்லை. இறுப்பிட்டி போன்ற எங்கள் தீவகச் சிற்றூர்களிலோ அதே விவாதம் அதன் உடன்பிறப்பாகிய வலைப்பந்தாட்டத்தைப் பற்றி எழுகின்றது. பாடசாலைப் பெண்பிள்ளைகளுள் யாரை எவ்விடத்தில் நிறுத்துவது? இவ்வினாவுக்கு ஒரு வரலாறு உண்டு.

1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரிலே, ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கினார். அவர் வகுப்பில் மாணவர் பதினெண்மர். ஆகவே பக்கத்துக்கு ஒன்பதின்மர் ஆடினர். 1897இல் ஐவர் என்னும் வழக்கம் நிலைபெற்றது. அவ்வைவரும் களம் முழுவதும் ஓடலாம். எவரும் பந்தைக் கூடையில் இடலாம். பணிகளை விதி வகுக்கவில்லை, பயிற்றுநரே வகுத்தார். ஆதலால் விவாதமும் முடிவின்றி வளர்ந்தது.

பெண்கள் ஆட்டம் வேறு வழி சென்றது. 1892இல் சிமித் கல்லூரி ஆசிரியை செண்டா பெரன்சன் களத்தை மூன்றாகப் பிரித்து, அவரவர் பகுதியிலேயே அவரவர் ஆட வேண்டுமென விதித்தார். இங்கிலாந்திலும் ஆட்டம் திருத்தம் பெற்று, 1901இல் விதிகள் அச்சாயின. ஆயினும் எழுவர் ஆடும் வழக்கும் ஒன்பதின்மர் ஆடும் வழக்கும் நாட்டுக்கு நாடு வேறுபட்டிருந்தன. இவற்றை ஒழுங்குபடுத்தப் பல நாட்டுப் பிரதிநிதிகள் 1960இல் கூடிய இடம் எது தெரியுமா? நமது இலங்கையே! 1963இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்னில் நடந்த முதல் உலகப் போட்டியிலும் நம் நாட்டு அணி ஆடியது.

இன்று வலைப்பந்தில் எழுவருக்கும் இடம் விதியாலேயே வரையறுக்கப்பட்டுள்ளது. வளையத்தில் பந்தை இடும் உரிமை இருவருக்கே உண்டு. பந்தைப் பிடித்தவர் அதனுடன் ஓடலாகாது. மூன்று விநாடிக்குள் அதனைக் கைவிட வேண்டும். எனவே விவாதம் 'என்ன பணி' என்பதன்று; 'அப்பணிக்கு யார்' என்பதே.

இங்கேதான் யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் நினைவுக்கு வருகிறார். ஆறடி பத்து அங்குல உயரம் உடையவரென அறியப்பட்ட இவ்வீராங்கனை, கோல் எய்பவராக நின்று இலங்கை அணிக்குப் பெருந்துணையானார். 2009இல் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை, ஒன்பது ஆண்டுகள் கழித்து 2018இல் சிங்கப்பூரை 69க்கு 50 என்ற கணக்கில் வென்று அதனை மீட்டது. 2022இலும் கிண்ணம் நமக்கே வந்தது.

"உயரமான ஒருவரை வளையத்தின் கீழ் நிறுத்தினாற் போதும்" என்பார் ஒரு சாரார். பத்தடி உயர வளையத்துக்கு உயரம் உதவும் என்பதை மறுப்பாரில்லை. ஆயினும் கோல் எய்பவர் நடுப்பகுதிக்குள் கால்வைக்க இயலாது. களத்தின் மறுமுனையிற் பறித்த பந்து, பல கைகள் மாறியே அவரை அடைய வேண்டும். மைய ஆட்டக்காரியும் பக்கத் தாக்குபவரும் தக்க நொடியில், தக்க உயரத்தில் எறியாவிடின் அவ்வுயரத்தாற் பயன் யாது? அதிலும் சோளகக் காற்று வீசும் எங்கள் திறந்த மைதானங்களில் உயர எறிந்த பந்து எங்கே விழும் என்பதை ஆடியவரே அறிவர்.

பாடசாலைகளில் நாம் செய்வது யாது? நெடிய பிள்ளையை ஆறாம் வகுப்பிலேயே வளையத்தருகே நிறுத்திவிடுகிறோம். அவள் வேறெதுவும் பயில்வதில்லை. குறுகிய பிள்ளைக்கோ இடமே இல்லையென்கிறோம். விரைந்த காலும் கூரிய கண்ணும் உடைய அப்பிள்ளையே நல்ல மைய ஆட்டக்காரியாகக் கூடும். இளவயதில் எல்லாப் பிள்ளைகளும் ஏழு இடங்களிலும் ஆடிப் பழகட்டும். அதன் பின்னரே இடத்தை உறுதி செய்வோம். பிள்ளையின் உயரத்தை அளக்க ஒரு கணம் போதும். அவளது ஆற்றலை அறியப் பல மாதங்கள் வேண்டும். அந்தப் பொறுமையே ஆசிரியர் கடன்.