வாய்க்குக் கடிவாளம்

ஆசிரியர் நண்பர்களே, ‘வாய்க்குக் கடிவாளம் போடு’ என்பதை வகுப்பில் ‘அடக்கமாகப் பேசு’ என்று விளக்கிவிட்டுப் போய்விடுகிறோம், சரிதானே? இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஒரு காலத்தில் அது வெறும் உவமை இல்லை. குதிரையின் கடிவாள இரும்பு பல்லில்லாத ஈறில்தான் உட்காரும். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ‘வாயாடி’ என்று பழிக்கப்பட்ட பெண்களின் தலையில் மாட்டிய இரும்புக் கூட்டிலோ, ஒரு தகடு நாக்கையே அழுத்தும். அதற்கும் கடிவாளம் என்றுதான் பெயர்!

1655இல் கார்லைல் நகரச் சந்தையில் சமயம் பேசிய டோரத்தி வா என்ற குவேக்கர் பெண்ணுக்கு நகர மேயர் இதை மாட்டவைத்தார். கைகளையும் பின்னால் கட்டினார்கள். அதோடு வாயை மூடிக்கொண்டாரா? எங்கே! மறு ஆண்டே அச்சான சிறுநூலில் நடந்ததையெல்லாம் எழுதிவிட்டார். கடிவாளத்தோடு தம்மை வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம் சிறைக் காவலர் ஆளுக்கு இரண்டு பென்ஸ் கேட்டதைக்கூட விடவில்லை.