நிறையின் இரண்டாம் முனை: மின்–இயந்திர ஒப்புமைகளைக் குறித்து ஒரு வாதம்

ஓம் 1827இல் தம் விதியை வகுத்தபோது, ஃபூரியே 1822இல் வெளியிட்ட வெப்பக் கடத்தல் கோட்பாட்டையே முன்மாதிரியாகக் கொண்டார். வெப்பம் அன்று மின்சாரத்துக்கு வழிகாட்டியது. பின்னாளில் மின்சுற்றுக் கோட்பாடு வளர்ந்து முதிர்ந்ததும், இயந்திரவியல் அதனிடம் கடன் வாங்கத் தொடங்கியது.

அதிரும் பொருளின் சமன்பாட்டையும் மின்சுற்றின் சமன்பாட்டையும் இணைக்க இரு வழிகள் உள்ளன. பழைய வழியில் விசை மின்னழுத்தத்துக்கும் திசைவேகம் மின்னோட்டத்துக்கும் இணை, நிறை மின்தூண்டியாகிறது. ஃபயர்ஸ்டோன் 1933இல் இதைத் திருப்பிப்போட்டார்: விசையே மின்னோட்டம், திசைவேகமே மின்னழுத்தம், நிறை மின்தேக்கி. கணிதம் இரண்டையும் ஏற்கிறது. ஆகவே எதைக் கொள்வது என்பது வசதியைப் பொறுத்தது என்று சொல்லிவிடுவது வழக்கம். அதை நான் ஏற்கவில்லை.

அளவிடும் முறையைக் கவனித்தாலே வேறுபாடு புலப்படும். மின்னோட்டத்தை அளக்கச் சுற்றைத் துண்டித்து நடுவே அம்மீட்டரை வைக்கிறோம். விசையை அளக்கவும் கம்பியை வெட்டி நடுவே வில்தராசை மாட்டுகிறோம். மின்னழுத்தத்துக்கோ எதையும் வெட்ட வேண்டாம், இரு புள்ளிகளைத் தொட்டால் போதும், திசைவேகமும் அப்படியே. அதனால் ஃபயர்ஸ்டோனின் வழியில் இயந்திரத்தின் இணைப்பு வடிவம் மின்சுற்றிலும் மாறாமல் நிற்கிறது. பழைய வழியில் தொடரிணைப்பு பக்க இணைப்பாகத் தலைகீழாகிறது. பீசோ மின் கருவிகளில் விசை மின்னழுத்தத்தைத் தொடர்வதால் அங்கே பழைய வழி இயல்பாகப் பொருந்துகிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் புதிய வழியின் உண்மையான பயன் அது பொருந்தாத இடத்தில்தான் வெளிப்பட்டது. மின்தேக்கிக்கு இரு முனைகள். இரண்டையும் சுற்றில் எங்கும் இணைக்கலாம். நிறைக்கோ ஒரு முனைதான் கைக்கு எட்டும். நியூட்டனின் விதியில் முடுக்கம் நிலைமக் குறிப்பாயத்தைச் சார்ந்தே அளக்கப்படுவதால், மறுமுனை எப்போதும் தரையோடு பிணைந்திருக்கிறது. ஆக, இயந்திரவியலில் ஓர் உறுப்பு குறைகிறது.

கேம்பிரிட்ஜின் மால்கம் ஸ்மித் 2002இல் அந்தக் குறையை நிரப்பினார். அவர் முன்வைத்த இனெர்ட்டரில் விசை, இரு முனைகளுக்கும் இடையிலான சார்பு முடுக்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். பற்சட்டம் ஒரு சிறு பற்சக்கரத்தைச் சுழற்ற, அதே அச்சில் ஃப்ளைவீல் சுழல்கிறது. 1 கிலோ எடையும் 5 செ.மீ. ஆரமும் கொண்ட சீரான வட்டத்தகட்டை 0.5 செ.மீ. ஆரப் பற்சக்கரத்தோடு பொருத்தினால், கருவி 50 கிலோவுக்கு இணையான நிலைமத்தைக் காட்டும். இந்தப் பெருக்கம் இல்லாமல் எடை குறைந்த கருவி சாத்தியமில்லை.

சுருள்வில், தணிப்பான், இனெர்ட்டர் மூன்றும் கையில் இருந்தால், மின்மாற்றி இல்லாமலே சுற்றுகளை அமைக்கும் பாட்–டஃபின் முறை (1949) இயந்திரத்துக்கும் அப்படியே செல்லும். கருவி ஏட்டோடு நிற்கவில்லை: 2005 ஸ்பெயின் கிராண்ட் பிரிக்ஸ் கார் பந்தயத்தில் மெக்லாரன் அணி தன் காரின் சஸ்பென்ஷனில் இனெர்ட்டரைப் பொருத்தியது. ஓட்டுநர் ரைக்கோனன் அந்தக் காரில் வென்றார்.